அங்கவடி எலும்பில் ஏன் அந்த ஓட்டை?

வளர்ந்த மனிதர் உடம்பில் 206 எலும்புகள் உண்டு. அவற்றில் மிகச் சிறியது எங்கே இருக்கிறது, சொல் பார்க்கலாம்?

சுண்டுவிரல் நுனியா? இல்லையே! காதுக்குள் இருக்கிறது. பள்ளியில் படித்திருப்பாய். சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு. மூன்றாவதாகச் சொன்னேனே, அதுதான் ஆகச் சிறியது. உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். எடையும் ஏறத்தாழ 3 மில்லிகிராம்தான்.

குதிரையில் ஏறுகிறவர்கள் கால் நுழைக்கும் வளையம் இருக்கிறது அல்லவா? இந்த எலும்பும் அதே வடிவம். கீழே ஒரு தட்டு, அதிலிருந்து வளைந்து எழும் இரண்டு மெல்லிய கால்கள், நடுவில் ஓர் ஓட்டை.

அந்த ஓட்டை எதற்கு?

"எலும்பு லேசாக இருந்தால் நன்றாக அதிரும், அதற்காக" என்று சொல்லத் தோன்றுகிறதா? கெட்டிக்காரப் பிள்ளைதான். லேசாக இருப்பது நல்லதுதான். ஆனால் ஓட்டை எப்படி வந்தது என்பது வேறு கதை. அந்தக் கதையில் ஒரு ரத்தக்குழாய் வருகிறது. அதைப் பார்க்கக் காதுக்குள் ஓடும் ரத்தக்குழாய்களை எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு வர வேண்டும். கொஞ்சம் சுற்றுவழிதான். வருகிறாயா?

முதலில் ஒரு சின்ன வேலை. உன் ஆள்காட்டி விரலைக் காதுக்கு முன்னால் வை. காது கன்னத்தோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னே. மெதுவாக, அழுத்தாமல். கொஞ்ச நேரம் பேசாமல் இரு. விரலுக்கு அடியில் ஏதோ துடிக்கிறதா? கிடைக்காவிட்டால் விரலைச் சற்று நகர்த்திப் பார்.

அதுதான் நாடித் துடிப்பு. இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்க்குத் தமனி என்று பெயர். திரும்பக் கொண்டு வருவது சிரை. உன் கழுத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய தமனி மேலே ஏறுகிறது. தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மண்டையோட்டுக்குள் நுழைந்து மூளைக்குப் போகிறது. அதை உள்தமனி என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று முகம், தாடை, தலைத்தோல் ஆகியவற்றுக்குப் போகிறது. அது வெளித்தமனி.

நீ இப்போது தொட்டது வெளித்தமனியின் கடைசிக் கிளை ஒன்றை. அதே இடத்துக்குக் கொஞ்சம் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால், அதன் இன்னொரு கிளை உள்பக்கமாகத் திரும்புகிறது. அதற்குத் தாடைத் தமனி என்று பெயர். காதுக்கு ரத்தம் தருபவர்களில் இவர் முக்கியமானவர்.

சரி, காதுக்குள் போவோம்.

காதுத் துளையிலிருந்து உள்ளே ஒரு பாதை போகிறது. பெரியவர்களுக்கு அது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் கடைசியில் செவிப்பறை. ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட வராது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. செவிப்பறைக்கு அப்பால் காற்று நிரம்பிய ஒரு குட்டி அறை. அதுதான் நடுச்செவி. அந்த மூன்று எலும்புகளும் அங்கேதான் கோத்துக் கிடக்கின்றன. ஒரு தேக்கரண்டி தண்ணீரை அதில் ஊற்றினால் வழிந்துவிடும். செவிப்பறையின் நடுப்பகுதிக்கும் எதிர்ச் சுவருக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர் அளவுதான்.

இவ்வளவு குறுகலான இடத்தை எப்படிப் பார்ப்பது?

சுவீடன் நாட்டில் கார்ல் ஓலோஃப் நைலன் என்ற மருத்துவர் இருந்தார். 1921ல், ஸ்டாக்ஹோம் நகரில், காது அறுவை சிகிச்சைக்கு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். அது பெரிய முன்னேற்றம். ஆனால் அதில் ஒரு சங்கடம். நுண்ணோக்கி காதுக்கு வெளியே நிற்கிறது. காதுப் பாதை வழியாக நேர்கோட்டில் எது தெரிகிறதோ அதுதான் தெரியும். மூலை முடுக்கில் இருப்பது தெரியாது. தெரிய வேண்டுமானால் எலும்பைச் செதுக்கி வழி உண்டாக்க வேண்டும்.

பிறகு இங்கிலாந்தில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற இயற்பியல் அறிஞர் ஒரு வேலை செய்தார். உடம்புக்குள் நுழைத்துப் பார்க்கும் குழாய்க் கருவிக்கு எண்டோஸ்கோப் என்று பெயர். அந்தக் காலத்து எண்டோஸ்கோப்பில், நீளக் குழாய்க்குள் குட்டிக் குட்டி லென்ஸ்களை இடைவெளி விட்டு வைப்பார்கள். நடுவில் எல்லாம் காற்று. படம் மங்கலாகத் தெரியும். ஹாப்கின்ஸ் அதைத் தலைகீழாக மாற்றினார். நீளமான கண்ணாடித் தண்டுகளை வைத்து, அவற்றுக்கு இடையே மட்டும் கொஞ்சம் காற்று விட்டார். வெளிச்சம் அதிகமாக வந்தது. படமும் துல்லியமானது. 1960களில் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? புதிதாக ஒரு பொருளும் வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியும் காற்றும் இடம் மாறின, அவ்வளவுதான்.

இன்று காதுக்குள் செலுத்தும் எண்டோஸ்கோப்புகள் பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமன். நுனி நேராகப் பார்க்கிற வகை உண்டு. 30 பாகை, 45 பாகை சாய்த்துப் பார்க்கிற வகையும் உண்டு. சாய்த்துப் பார்க்கிற வகைதான் மூலை திரும்பிப் பார்க்கும். பின்னால் ஒரு கேமரா. படம் பெரிய திரையில் தெரியும். 1990களில் துபாயில் முவாஸ் தராபிச்சி என்ற மருத்துவர் காதுப் பாதை வழியாக எண்டோஸ்கோப்பை வைத்தே அறுவை சிகிச்சைகள் செய்து காட்டினார். இன்று உலகம் முழுவதும் செய்கிறார்கள்.

"செவிப்பறை மூடியிருக்கிறதே, அதைத் தாண்டி எப்படிப் போவது?" என்று கேட்க வருகிறாயா? அருமையான கேள்வி. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து அல்லது காதை மரத்துப்போகச் செய்து, காதுப் பாதையின் தோலை மெல்லப் பிரித்து, செவிப்பறையையும் அதோடு சேர்த்து முன்பக்கமாக மடித்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் பழையபடி விரித்துவிடுவார்கள். அது ஒட்டிக்கொள்ளும்.

எப்படி ஒட்டும்? ரத்தம் வருவதால்தான்.

இப்போது திரையைப் பார்ப்போம். முதலில் செவிப்பறை. நன்றாக இருக்கும் செவிப்பறை சாம்பல் கலந்த வெண்மை. பின்னால் இருப்பது லேசாகத் தெரியும். நடுவில் சுத்தி எலும்பின் கைப்பிடி மேலிருந்து கீழே இறங்குகிறது. அதையொட்டி மெல்லிய சிவப்புக் கோடுகள். செவிப்பறையின் ஓரத்தைச் சுற்றியும் அதே மாதிரிக் கோடுகள். வெளிப்பக்கத்துக்கு ரத்தம் தருவது தாடைத் தமனியின் ஒரு கிளை. உள்பக்கத்துக்கு வேறு கிளைகள். நடுவிலிருந்து சில, ஓரத்திலிருந்து சில. அதனால்தான் செவிப்பறையில் சின்னக் கிழிசல் விழுந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிவிடுகிறது.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. அழுகிற குழந்தையின் செவிப்பறை சிவந்துபோகும்! கன்னம் சிவக்கிறது, கண் சிவக்கிறது, செவிப்பறையும் சிவக்கிறது. காதில் சீழ் பிடித்தாலும் சிவக்கும். அழும் குழந்தையின் காதைப் பார்க்கும் மருத்துவர், இது அழுகையா நோயா என்று நிதானித்துத்தான் முடிவு செய்வார். வெறும் சிவப்பை நம்பமாட்டார். செவிப்பறை வெளியே பிதுங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்.

இதுவரை புரிந்ததா? புரியவில்லை என்றால் செவிப்பறை வரை மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

வந்தாச்சா? செவிப்பறையைத் தாண்டுவோம்.

எதிர்ச் சுவரில் ஒரு மேடு தெரிகிறது. அதற்குப் பின்னால்தான் காக்லியா இருக்கிறது, நத்தை ஓடு மாதிரி சுருண்ட உறுப்பு என்று படித்தாயே, அது. அதன் முதல் சுற்று பிதுங்கி நிற்பதுதான் இந்த மேடு. மேட்டின் மேல் கண்ணாடி போல மெல்லிய சவ்வு. அதற்குள் மயிரிழை மயிரிழையாக ரத்தக்குழாய்கள் கிளைத்து ஓடுகின்றன. எண்டோஸ்கோப்பை அருகில் கொண்டுபோனால் ஒவ்வொன்றும் திரையில் பளிச்சென்று தெரியும்.

இவை எங்கிருந்து வருகின்றன? இதுதான் ஆச்சரியம். ஒரே இடத்திலிருந்து இல்லை.

கீழே இருந்து ஒன்று வருகிறது. கழுத்தில் கிளம்பி, எலும்பில் இருக்கும் மயிரிழைத் துவாரம் வழியாக ஒரு நரம்போடு சேர்ந்து ஏறி வருகிறது. முன்பக்கமிருந்து தாடைத் தமனியின் ஒரு கிளை, எலும்பின் வெடிப்பு ஒன்றில் நுழைந்து வருகிறது. மேலிருந்து, மூளை உறைக்குப் போகும் தமனி ஒரு கிளையை இறக்கிவிடுகிறது. பின்பக்கமிருந்து, முகத்தை அசைக்கும் நரம்புக்குத் துணையாக வரும் தமனி. இவை எல்லாம் வெளித்தமனியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மூளைக்குப் போகும் உள்தமனிகூடப் பக்கத்துச் சுவர் வழியாக ஒன்றிரண்டு சின்னக் கிளைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறது. எல்லாரும் அந்த மேட்டில் வந்து கைகோக்கிறார்கள்.

இவ்வளவு சின்ன அறைக்கு இத்தனை வழியா?

கிராமத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்திருக்கிறாயா? கண்மாய் மடையைத் திறந்தால் வாய்க்கால் வழியாக ஒவ்வொரு வயலாகத் தண்ணீர் போகும். நடுவில் இருக்கும் வயலுக்கு இரண்டு மூன்று வாய்க்கால் வந்து சேரும். ஒன்று அடைத்துக்கொண்டாலும் இன்னொன்றில் தண்ணீர் வரும். அந்தப் பயிர் வாடாது. ஆனால் கடைமடை என்று ஒன்று இருக்கிறதே, கடைசி வயல்? அதற்கு ஒரே வாய்க்கால்தான். வழியில் எங்காவது அடைத்தால் முதலில் காய்வது அந்த வயல்தான்.

காதுக்குள் அந்த மேடு நடுவயல். அப்படியானால் கடைமடை எது?

பட்டடை எலும்பின் நுனி! பட்டடை எலும்பிலிருந்து ஒரு நீளமான கால் கீழே இறங்கி, அங்கவடி எலும்பைத் தொடுகிறது. அந்த நுனிக்கு ரத்தம் வருவது பெரும்பாலும் மேலே இருந்து, அந்த ஒல்லிக் காலைத் தொட்டுக்கொண்டே இறங்கும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான். அங்கவடிப் பக்கமிருந்து வருவது ரொம்பக் கொஞ்சம். காதில் நாள்பட்டுச் சீழ் வடிந்துகொண்டே இருந்தால், மூன்று எலும்புகளில் பெரும்பாலும் முதலில் அரிக்கப்படுவது இந்த நுனிதான். மருத்துவர்கள் இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். செவிப்பறை உள்ளே குழிந்துபோனால் இந்த நுனியின் மேல்தான் வந்து படியும். ரத்தமும் குறைவு, உரசலும் அதிகம். பாவம், அது என்ன செய்யும்?

நுனி அரித்துப்போனால் சங்கிலி அறுந்துவிடும். செவிப்பறை அதிர்ந்தாலும் அதிர்வு அங்கவடிக்குப் போகாது. காது மந்தமாகிவிடும். ஆனால் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. நோயாளியின் பட்டடை எலும்பையே எடுத்து, செதுக்கி, மறுபடி பொருத்துவார்கள். அல்லது டைட்டானியத்தில் செய்த ஒரு குட்டித் துண்டை வைப்பார்கள்.

காதில் சீழ் வந்தால் "தானாகப் போய்விடும்" என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்தக் கடைமடைக் கதையை அவர்களுக்குச் சொல். குச்சி, கொண்டை ஊசி, பென்சில், எதையும் காதுக்குள் விடவும் கூடாது. உள்பாதையின் தோல் ரொம்ப மெல்லியது. லேசாகக் கீறினாலே ரத்தம் வரும்.

மருத்துவர்களுக்கும் ரத்தம் ஒரு தலைவலிதான். எண்டோஸ்கோப்பை ஒரு கையில் பிடித்திருப்பதால் வேலை செய்ய ஒரே கைதான் மிச்சம். ஒரு துளி ரத்தம் லென்ஸில் பட்டால் போதும், திரை முழுக்கச் சிவப்பு. துடைத்துவிட்டுத் திரும்ப நுழைய வேண்டும். அதனால் அட்ரினலின் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்துக் குழாய்களைச் சுருங்க வைப்பார்கள். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று முன்கூட்டியே மனத்தில் வரைந்து வைத்திருப்பார்கள். கருவியின் நுனி வெளிச்சத்தால் சூடாகும் என்பதால் அவ்வப்போது வெளியே எடுப்பதும் உண்டு.

நிறத்தைப் பார்த்தும் எச்சரிக்கையாவார்கள். நடுச்செவியின் தரைக்கு அடியில் ஒரு பெரிய கழுத்துச் சிரை இருக்கிறது. சிலருக்கு அது மேலே எம்பி நிற்கும். அப்போது செவிப்பறைக்குப் பின்னால் நீலமாகத் தெரியும். முன்சுவருக்குப் பின்னால் உள்தமனி. மிகச் சிலருக்கு அது வழிமாறி நடுச்செவிக்குள்ளேயே வந்துவிடும். சிவப்பாக, துடித்துக்கொண்டு தெரியும். நீலமோ துடிக்கும் சிவப்போ கண்ணில் பட்டால், கத்தியைத் தூர வைத்துவிட்டு முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

இப்போது அங்கவடிக்கு வருவோம். மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா?

நீ அம்மா வயிற்றில் இரண்டாவது மாதத்தில் இருந்தபோது, உன் காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தமனி ஓடிக்கொண்டிருந்தது. எலும்பு இன்னும் உருவாகவில்லை. எலும்பாகப் போகிற இளம் திசு அந்தத் தமனியைச் சுற்றி வளையமாகக் கூடியது. அதாவது முதலில் வந்தது குழாய். வளையம் அதற்குப் பிறகு. அங்கவடியில் யாரும் ஓட்டை போடவில்லை. தமனிக்கு இடம் விட்டு எலும்பு வளர்ந்தது.

அந்தத் தமனிக்கு அங்கவடித் தமனி என்று பெயர். அப்போது அது பெரிய ஆள். முகத்துக்கும் தாடைக்கும் மூளை உறைக்கும் அதன் கிளைகள்தான் ரத்தம் கொடுத்தன. பிறகு வெளித்தமனி வளர்ந்து வந்து அந்தக் கிளைகளோடு இணைந்துகொண்டது. கிளைகள் எல்லாம் புது வழியில் ரத்தம் வாங்க ஆரம்பித்தன. பழைய வழிக்கு வேலை இல்லை. மூன்றாவது மாதவாக்கில் அது சுருங்கி மறைந்துவிட்டது. வளையம் மட்டும் நின்றுவிட்டது.

எங்கே, நீ சொல். முதலில் வந்தது எது, ஓட்டையா தமனியா? தமனி! சரியாகச் சொன்னாய்.

மிக அரிதாகச் சிலருக்கு அந்தத் தமனி மறைவதே இல்லை. 1836ல் ஜோசப் ஹிர்ட்ல் என்ற இளம் உடற்கூறு அறிஞர் மனிதக் காதில் இப்படித் தங்கிவிட்ட தமனியைப் பற்றி எழுதினார். ரத்தக்குழாய்களுக்குள் நிறப்பொருளைச் செலுத்தி, குழாய்களை மட்டும் தனியே எடுத்துக்காட்டுவதில் பின்னாளில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர் அவர். அவர் சேர்த்து வைத்த 139 மண்டையோடுகள் இன்றும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்தத் தமனி உள்ளவர்களில் சிலருக்குத் தங்கள் நாடித் துடிப்பே காதில் கேட்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. வேறு எதற்கோ அறுவை சிகிச்சை செய்யும்போதுதான், மேட்டின் மேல் ஏறி அங்கவடி வளையத்துக்குள் நுழையும் ஒரு சிவப்புக் குழாய் எண்டோஸ்கோப்பில் தெரியும். முன்னாலேயே கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு. மூளை உறைக்குப் போகும் தமனி நுழைய மண்டையோட்டின் அடியில் வழக்கமாக ஒரு சின்னத் துவாரம் இருக்கும். பழைய தமனி தங்கிவிட்டவர்களுக்கு அந்தத் துவாரம் பெரும்பாலும் இருக்காது. ரத்தம்தான் காது வழியாகவே போய்விடுகிறதே, பிறகு அந்தத் துவாரம் எதற்கு? ஸ்கேன் படத்தில் துவாரம் காணவில்லை என்றால் மருத்துவர் உஷாராகிவிடுவார்.

நமக்கு அரிது. எலிக்கு அப்படி இல்லை. எலி வளர்ந்து பெரிதான பிறகும் அங்கவடித் தமனி வளையத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். முள்ளெலிக்கும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸுக்கோ அங்கவடியில் ஓட்டையே கிடையாது. அதன் எலும்பு வெறும் தண்டுதான்.

இதனால் புதைபடிவ ஆய்வாளர்களுக்கு நல்ல லாபம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன விலங்கின் ரத்தக்குழாய் மண்ணில் கிடைக்காது. மக்கிப் போயிருக்கும். ஆனால் தடித்த தமனி ஓடிய இடத்தில், அந்த மேட்டின் மேல், எலும்பில் ஒரு பள்ளம் பதிந்திருக்கும். காதுப் பகுதி எலும்பு ரொம்பக் கெட்டியானது என்பதால் அது அப்படியே தப்பிப் பிழைக்கும். ஒரு மண்டையோட்டுத் துண்டு கையில் கிடைத்தால், ஆய்வாளர்கள் லென்ஸை எடுத்துக்கொண்டு முதலில் தேடுவதில் இந்தப் பள்ளமும் ஒன்று. அது எந்தப் பக்கம் போகிறது, அங்கவடி இருந்த இடத்தை நோக்கித் திரும்புகிறதா இல்லையா என்று பார்த்து, அந்த விலங்கு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கணக்குப் போடுகிறார்கள்.